நேரத்தை முதலில் எழுதுங்கள்: விளையாட்டுச் செய்தியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள விளையாட்டுச் செய்தியாளர்களுக்கு,

மாற்றுத்திறனாளி நீச்சல் வீரரையோ வீராங்கனையையோ பற்றி இனி எழுத உட்காரும்போது, அவர் எத்தனை மீட்டர் நீந்தினார், எந்த ஸ்ட்ரோக்கில் நீந்தினார், எவ்வளவு நேரத்தில் முடித்தார் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். விபத்து, ஆஸ்பத்திரி, தாயின் கண்ணீர் எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும். இதைக் கேட்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

ஒருவருடைய நீச்சல் வாழ்க்கையை வைத்தே பேசுகிறேன். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன்காரர் நடாலி டு டோய். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இடது கால் இல்லாமல் பத்து கிலோமீட்டர் நீந்தியவர். அந்த ஆகஸ்டில் உலகமெங்கும் பத்திரிகைகள் அவரைக் கொண்டாடின. இன்று அவர் பெயரைச் சொன்னால், விளையாட்டுப் பக்கத்தை விரும்பிப் படிப்பவர்களும் ஸ்கூட்டர் விபத்தையும் போன காலையும் மன உறுதியையும்தான் சொல்வார்கள். எத்தனையாவதாக வந்தார் என்று கேட்டால் பதில் வராது.

16ஆவதாக வந்தார். களத்தில் இருந்தவர்கள் 25 பேர். அவருடைய நேரம் 2 மணி 0 நிமிடம் 49.9 விநாடி. தங்கம் வென்ற ரஷ்யாவின் லாரிசா இல்சென்கோவின் நேரம் 1 மணி 59 நிமிடம் 27.7 விநாடி. இடைவெளி 1 நிமிடம் 22.2 விநாடி. இதைப் பத்து கிலோமீட்டருக்கும் பங்கிட்டுப் பாருங்கள். 100 மீட்டருக்கு ஒரு விநாடிகூட வரவில்லை, முக்கால் விநாடிக்குச் சற்றே அதிகம். அந்த நாளில் உலகத்திலேயே மிகச் சிறந்தவராக நீந்திய பெண்ணுக்கும் ஒரு கால் இல்லாத பெண்ணுக்கும் இருந்த தூரம் அவ்வளவுதான். மன உறுதி, தன்னம்பிக்கை என்று பக்கம் பக்கமாக எழுதினாலும் இந்தச் சின்னக் கணக்கு தரும் வியப்பைத் தர முடியாது. கணக்கைப் போடாமல் விட்டால் அந்த வியப்பு வாசகருக்குக் கிடைக்காமலே போகிறது.

டு டோய் 1984இல் பிறந்தவர். 14 வயதில், 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டிகளில் தன் நாட்டுக்காக நீந்தினார். 2000 சிட்னி ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற முயன்று, மிகச் சிறிய வித்தியாசத்தில் வாய்ப்பைத் தவறவிட்டார். 2001 பிப்ரவரியில் பயிற்சி முடிந்து ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தபோது கார் மோதியது. இடது காலை முழங்காலோடு எடுக்க வேண்டியதாயிற்று. அப்போது வயது 17. சில மாதங்களில், செயற்கைக் காலில் சரியாக நடந்து பழகும் முன்பே, குளத்தில் இறங்கிவிட்டார். விபத்துக்கு இவ்வளவு இடம் போதும் என்பது என் கருத்து. விபத்தைப் பற்றி இதற்கு மேல் எழுதும் ஒவ்வொரு வரியும் நீச்சலுக்கு உரிய இடத்தை எடுத்துக்கொள்கிறது.

ஏனென்றால் உண்மையான கதை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. விபத்துக்கு முன் டு டோய் மெட்லியிலும் பட்டர்ஃப்ளையிலும் கனவு கண்டவர். மெட்லி என்றால் நான்கு ஸ்ட்ரோக்கும் வரும். அதில் ப்ரெஸ்ட்ஸ்ட்ரோக்கின் உந்துதலில் பெரும் பங்கு கால்களுடையது. பட்டர்ஃப்ளையில் இரண்டு காலும் சேர்ந்து அடித்தால்தான் இடுப்பு மேலே எழும். ஃப்ரீஸ்டைல் வேறு மாதிரி. அதில் ஆளை முன்னால் இழுப்பது பெரும்பாலும் கைகள்தான். 50 மீட்டர், 100 மீட்டர் வேகப் பந்தயங்களில் கால் அடி ஓயாது. 800 மீட்டருக்கும் அதற்கு மேலும் போனால் நல்ல நீச்சல்காரர்களே கால்களைச் சிக்கனமாகத்தான் பயன்படுத்துவார்கள். கால் அங்கே முக்கியமாக உடலைச் சமநிலையில் வைக்கிறது. ஆகவே ஒரு கால் போனவர் எந்தத் தூரத்தில் குறைவாக இழப்பார் என்று கேட்டால், நெடுந்தூர ஃப்ரீஸ்டைலில் என்பதே பதில். டு டோய் அந்தப் பக்கம் திரும்பியதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. அதை வெறும் பிடிவாதம் என்று எழுதினால் ஒரு விளையாட்டு வீராங்கனையின் அறிவை மறைத்தவர்கள் ஆவோம்.

குறைவாக இழப்பார் என்றேனே தவிர, எதுவும் இழக்க மாட்டார் என்று சொல்லவில்லை. ஒற்றைக் கால் அடிக்கும்போது இடுப்பு ஒரு பக்கம் சரியப் பார்க்கும். ஒவ்வொரு கைவீச்சிலும் வயிற்றுத் தசைகளால் அதை நேர்ப்படுத்த வேண்டும். ஸ்டார்ட்டில் மேடையிலிருந்து ஒரே காலால் பாய வேண்டும். 50 மீட்டர் குளத்தில் 800 மீட்டர் நீந்தினால் 15 டர்ன் வரும். ஒவ்வொன்றிலும் மற்றவர்கள் இரண்டு காலால் சுவரை உதைத்துப் பறக்கும்போது இவர் ஒரு காலால் உதைக்க வேண்டும். திறந்தவெளி நீச்சலில் சுவர் கிடையாது, டர்னில் போகும் நேரமும் கிடையாது. ஆனால் அங்கே கூட்டமாக நீந்துவார்கள். முழங்கை முகத்தில் படும், முன்னால் போகிறவரின் கால் நீச்சல் கண்ணாடியைத் தட்டும். கடைசிச் சில நூறு மீட்டரில் எல்லோரும் வேகம் எடுக்கும்போது அதுவரை ஓய்வெடுத்த கால்கள் வேலைக்கு வரும். இல்சென்கோ பெயர்பெற்றதே அந்தக் கடைசி வேகத்துக்குத்தான். பெய்ஜிங்கில் முதல் மூன்று பேருக்கு இடையே இருந்த இடைவெளி நான்கு விநாடிக்கும் குறைவு.

இவற்றை எழுதும் அளவுக்கு நீச்சல் தெரிந்தவர்கள் உங்களிடையே இருக்கிறார்கள். மற்ற நீச்சல் வீரர்களைப் பற்றி இப்படி எழுதுகிறீர்கள்தானே. மைக்கேல் ஃபெல்ப்ஸ் பெய்ஜிங்கில் 100 மீட்டர் பட்டர்ஃப்ளையில் நூறில் ஒரு விநாடி வித்தியாசத்தில் வென்றதை இன்றும் புள்ளி பிசகாமல் சொல்வீர்கள். அந்தக் கண்ணைப் பாரா நீச்சலின் பக்கமும் திருப்பச் சொல்கிறேன்.

திருப்பினால் முதலில் கண்ணில் படுவது வகுப்புப் பிரிவு. பலர் இதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள், வாசகருக்குப் புரியாது என்று நினைத்து. புரியும். கிரிக்கெட்டில் டக்வொர்த்-லூயிஸைப் புரிந்துகொண்ட வாசகர் இதையும் புரிந்துகொள்வார். உடல் சார்ந்த குறைபாடுகளுக்கு எஸ்1 முதல் எஸ்10 வரை பத்து வகுப்புகள். எண் கூடக் கூடப் பாதிப்பு குறைவு. 11 முதல் 13 வரை பார்வைக் குறைபாடு, 14 அறிவுசார் குறைபாடு. ப்ரெஸ்ட்ஸ்ட்ரோக்குக்கு எஸ்பி என்று தனி வரிசை, மெட்லிக்கு எஸ்எம். டு டோய் ஃப்ரீஸ்டைலில் எஸ்9, ப்ரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் எஸ்பி8. ஒரே ஆள், ஒரே கால், ஏன் இரண்டு எண் என்றால், கால் இல்லாதது ஃப்ரீஸ்டைலைவிட ப்ரெஸ்ட்ஸ்ட்ரோக்கை அதிகம் பாதிக்கிறது. மேலே நான் விளக்கிய அதே கணக்கு விதிப்புத்தகத்தில் எண்ணாக நிற்கிறது. எஸ்9 பந்தயத்தில் நிற்கும் எட்டுப் பேருக்கும் ஒரே குறைபாடு இருக்க வேண்டியதில்லை. ஒருவருக்குக் கால் இருக்காது, இன்னொருவருக்குக் கை முழுமையாக இருக்காது. நீரில் ஏறத்தாழ ஒரே அளவு பாதிக்கப்படுகிறவர்கள் ஒரே வகுப்பில் நீந்துகிறார்கள்.

இது தெரியாமல் எழுதினால் முடிவையே தப்பாகப் புரிந்துகொள்ள நேரும். 2002 மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான பந்தயங்கள் பிரதானப் போட்டியிலேயே சேர்க்கப்பட்டன. பல வகுப்பினர் ஒரே பந்தயத்தில் நீந்தினார்கள். அங்கே முதலில் சுவரைத் தொட்டவர் வென்றவர் என்று சொல்லிவிட முடியாது. தத்தம் வகுப்பின் உலக சாதனையோடு ஒப்பிட்டுத்தான் இடம் தரப்பட்டது. டு டோய் 50 மீட்டர், 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் இரண்டிலும் தன் வகுப்பின் உலக சாதனையை முறியடித்துத் தங்கம் வென்றார். அதே போட்டியில், உடற்குறை இல்லாதவர்களுக்கான 800 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் நீந்தி இறுதிச் சுற்றுக்கும் போனார். கால் போய் ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. அந்தப் போட்டிகளின் தலைசிறந்த வீரருக்கான விருது அவருக்குத்தான் கிடைத்தது.

அடுத்த ஆண்டு அவர் நம் நாட்டுக்கு வந்தார். 2003 அக்டோபரில் முதலில் நைஜீரியாவின் அபுஜா. ஆப்பிரிக்க விளையாட்டுப் போட்டிகளில், இரண்டு கால்களும் உள்ள எதிராளிகளை 800 மீட்டரில் வென்று தங்கம். அது முடிந்த கையோடு ஹைதராபாத். முதல் ஆப்பிரிக்க-ஆசிய விளையாட்டுப் போட்டிகள் அங்கே நடந்தன. 800 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் வெள்ளி, 400 மீட்டரில் வெண்கலம். எதிரே நீந்தியவர்களில் யாருக்கும் உடற்குறை இல்லை. பெய்ஜிங்கில் உலகம் திரும்பிப் பார்த்த பெண், அதற்கு ஐந்து ஆண்டு முன்பே சென்னையிலிருந்து ஓர் இரவு ரயில் தூரத்தில் நீந்திப் பதக்கம் வாங்கிப் போயிருக்கிறார். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? இதைத் தேடி எடுத்து எழுத வேண்டியவர்கள் நீங்கள்.

2004 ஏதென்ஸ் பாராலிம்பிக்கில் ஐந்து தங்கமும் ஒரு வெள்ளியும். பிறகு 2008 மே மாதம் ஸ்பெயினின் செவில் நகரில் திறந்தவெளி நீச்சல் உலகப் போட்டி. பத்து கிலோமீட்டர் அந்த ஆண்டுதான் முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்திருந்தது, செவிலில் முதல் பத்து இடம் பிடிப்பவர்களுக்கு பெய்ஜிங் கதவு திறக்கும். டு டோய் நான்காவதாக வந்தார். சலுகையாகவோ சிறப்பு அழைப்பாகவோ அவர் ஒலிம்பிக் போகவில்லை. உலகின் நான்காவது இடத்தோடு போனார். அதனால்தான் பெய்ஜிங்கில் கிடைத்த 16ஆவது இடம் அவருக்கு நிறைவு தரவில்லை. முதல் ஐந்துக்குள் வர நினைத்தவர் அவர். உலகம் கைதட்டிக்கொண்டிருந்தபோது அவர் தன் நீச்சலில் அதிருப்தியோடு நின்றார். விளையாட்டு வீரர் என்றால் இப்படித்தானே இருப்பார்? நீங்கள் அவரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, எங்கே நேரத்தை இழந்தீர்கள் என்பது.

இன்னொரு விஷயம், உண்மையைச் சரிபார்ப்பது. ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட முதல் கால் இழந்தவர் என்று அவரைச் சொல்பவர்கள் உண்டு. அது சரியில்லை. ஹங்கேரியின் ஒலிவெர் ஹலாஸி சிறு வயதில் டிராம் வண்டி விபத்தில் முழங்காலுக்குக் கீழே இடது காலை இழந்தவர். வாட்டர் போலோவில் 1928 ஆம்ஸ்டர்டாமில் வெள்ளி, 1932 லாஸ் ஏஞ்சல்ஸிலும் 1936 பெர்லினிலும் தங்கம். நடுவே 1931இல் ஐரோப்பியப் போட்டியில் 1500 மீட்டர் ஃப்ரீஸ்டைலையும் வென்றார். நெடுந்தூர ஃப்ரீஸ்டைல், மறுபடியும் அதேதான். டு டோயின் பெருமைக்கு இதனால் ஒரு குறைவும் இல்லை. ஒரே ஆண்டில் ஒலிம்பிக்கிலும் பாராலிம்பிக்கிலும் தன் நாட்டின் கொடியை ஏந்திப் போனவர் அவர், இரண்டிலும் போட்டியிட்டவர். பெய்ஜிங்கில் இரண்டிலும் விளையாடிய இன்னொருவர் போலந்தின் டேபிள் டென்னிஸ் வீராங்கனை நடாலியா பார்ட்டிகா. சரியான செய்தியே இவ்வளவு பெரியதாக இருக்கும்போது தவறான ‘முதல்’ பட்டம் எதற்கு?

அதே 2008இல் தென்னாப்பிரிக்காவின் ஓட்டக்காரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸின் கார்பன் கால்களைப் பற்றி விளையாட்டு நீதிமன்றம் வரை வழக்கு நடந்தது. செயற்கைக் கால் கூடுதல் வேகம் தருகிறதா என்பது பிரச்சினை. நீச்சலில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. செயற்கைக் காலைக் கரையில் கழற்றி வைத்துவிட்டுத்தான் டு டோய் நீரில் இறங்கினார். பாரா நீச்சலின் விதியும் செயற்கை உறுப்பை அனுமதிப்பதில்லை. நீந்துகிறவரின் உடலும் பயிற்சியும் மட்டும்தான் நேரத்தைத் தீர்மானிக்கின்றன. எழுதுபவருக்கு இதைவிடத் தெளிவான விளையாட்டு கிடைப்பது அரிது.

2010இல் டு டோய் மறுபடியும் இந்தியா வந்தார், டெல்லி காமன்வெல்த் போட்டிகளுக்கு. எஸ்9 வகுப்பில் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல், 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல், 100 மீட்டர் பட்டர்ஃப்ளை, மூன்றிலும் தங்கம். அதே டெல்லியில் ஆண்களுக்கான எஸ்9 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் வங்காளத்தின் பிரசாந்த கர்மாகர் வெண்கலம் வென்றார். காமன்வெல்த் போட்டிகளின் நீச்சலில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. மாற்றுத்திறனாளிகள் பிரிவின் முதல் பதக்கம் என்று மட்டும் படித்துவிடாதீர்கள். நாட்டின் மொத்த நீச்சலிலும் அதுதான் முதல். நான்கு ஆண்டு கழித்து, 2014 இஞ்சியோன் ஆசிய பாரா விளையாட்டில் பெங்களூரின் சரத் கெயிக்வாட் நீச்சலில் மட்டும் ஆறு பதக்கம் எடுத்தார். 1986 சியோல் ஆசியப் போட்டிகளில் பி.டி. உஷா வென்ற ஐந்தையும் தாண்டிய எண்ணிக்கை. உஷாவின் ஐந்து நமக்கு மனப்பாடம். சரத்தின் ஆறு?

நம் நாட்டுக்கு வந்துவிட்ட பிறகு முரளிகாந்த் பெட்கரைச் சொல்லாமல் விட முடியாது. 1965 போரில் குண்டடி பட்டு முதுகுத்தண்டு பாதிக்கப்பட்ட ராணுவ வீரர். அதற்கு முன் குத்துச்சண்டை வீரர். 1972இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பாராலிம்பிக்கில் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் தங்கம் வென்றார். ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் தனிநபர் தங்கம் என்று அபினவ் பிந்த்ராவை 2008இல் கொண்டாடினோம். அதற்கு 36 ஆண்டு முன்னால் பாராலிம்பிக் மேடையில் ஓர் இந்தியர் தனியாக நின்று தங்கம் வாங்கியிருந்தார். 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2024இல் இந்தித் திரைப்படம் வந்தது. இப்போது அவர் உடம்பில் பாய்ந்த குண்டுகளைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அவர் நீந்திய நேரம் 37.33 விநாடி. அன்றைய உலக சாதனை. அது எத்தனை பேருக்குத் தெரியும்?

நீச்சலை விட்டு ஒரு நிமிடம் சேலம் பக்கம் வாருங்கள். உயரம் தாண்டுதல் வீரர் மாரியப்பன் தங்கவேலுவின் காலில் ஏறிய பேருந்தையும் அவருடைய தாயார் காய்கறி விற்றதையும் தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை. 2016 ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் 1.86 தாண்டி வெள்ளி, பாரிஸில் 1.85 தாண்டி வெண்கலம் என்பதைச் சொல்லக்கூடியவர்கள் மிகச் சிலர். மூன்று பாராலிம்பிக்கில் தொடர்ந்து பதக்கம் வாங்குவதற்கு, எட்டு ஆண்டு உடலை அந்த உயரத்திலேயே வைத்திருக்க வேண்டும். அந்த எட்டு ஆண்டின் பயிற்சி, காயம், ஓட்டத்தின் கோணம் எல்லாம் எழுதப்படாமல் கிடக்கின்றன. தாயாரின் உழைப்பை எழுதாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அது உண்மை, மதிப்புக்குரியது. ஆனால் மகன் தாண்டிய உயரத்தை விட்டுவிட்டு அதை மட்டும் எழுதினால் இருவருக்குமே நியாயம் செய்ததாகாது.

தோல்வியையும் எழுதுங்கள். இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மாற்றுத்திறனாளி வீரர் தோற்றால் நம் பத்திரிகைகள் மௌனமாகிவிடுகின்றன, அல்லது கலந்துகொண்டதே வெற்றி என்று எழுதிவிடுகின்றன. அது கருணை என்று நினைக்கிறோம். அவர்களுக்கு அது அவமதிப்பாகப் படும். 2012 லண்டன் பாராலிம்பிக் டு டோயின் கடைசிப் போட்டி. மூன்று தங்கம் வென்றார். எஸ்9 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் ஆஸ்திரேலியாவின் எல்லி கோல் அவரை முந்தினார். எல்லி கோலும் சிறு வயதில் புற்றுநோயால் ஒரு காலை இழந்தவர். ஏதென்ஸிலும் பெய்ஜிங்கிலும் கோலோச்சிய ஒருவரை இளையவர் ஒருவர் தோற்கடிக்கிறார் என்றால் அந்த வகுப்பில் வேகம் கூடியிருக்கிறது, போட்டி வளர்ந்திருக்கிறது. 13 தங்கம், 2 வெள்ளி என்ற பாராலிம்பிக் கணக்கோடு டு டோய் ஓய்வுபெற்றார். அந்த இரண்டு வெள்ளியும் எப்படி வந்தன என்று எழுதினால்தான் 13 தங்கத்தின் எடை வாசகருக்குத் தெரியும்.

இன்னும் கடினமானவற்றையும் எழுத வேண்டும். வகுப்புப் பிரிப்பில் சர்ச்சைகள் வருகின்றன. உண்மையான பாதிப்பைவிட அதிகமாகக் காட்டி எளிய வகுப்புக்குள் நுழைகிறார்கள் என்ற குற்றச்சாட்டு உலக அளவில் இருக்கிறது. தசை வலிமையைச் சோதிப்பது, நீரில் நீந்தவைத்துப் பார்ப்பது, போட்டியின்போது கவனிப்பது என்று அதற்கு நடைமுறைகள் உண்டு. வகுப்பு மாறினால் ஒருவருடைய நீச்சல் வாழ்க்கையே தலைகீழாகும். நேற்றுப் பதக்கம் வென்றவர் இன்று இறுதிச் சுற்றுக்குக்கூட வராமல் போகலாம். ஊக்கமருந்துச் செய்தியைத் துருவுகிற அளவுக்கு இதையும் நீங்கள் துருவ வேண்டும். இரக்கத்தோடு மட்டும் பார்க்கிற கண்ணுக்கு இது படாது.

வேளச்சேரியிலோ வேறு ஊர்க் குளத்திலோ மாநில அளவில் பாரா நீச்சல் போட்டி நடந்தால் ஒருநாள் முழுக்கப் போய் உட்காருங்கள். கால் இல்லாதவர் ஸ்டார்ட்டை எப்படி எடுக்கிறார் என்று பாருங்கள். விதிப்படி மேடையில் நின்றோ உட்கார்ந்தோ, நீரிலிருந்தோ தொடங்கலாம். அவர் ஏன் அந்த முறையைத் தேர்ந்தார் என்று கேளுங்கள். பார்வையில்லாதவர் சுவரை நெருங்கும்போது கரையிலிருந்து நீண்ட கோலால் தொட்டு உணர்த்துகிறவரிடம் பேசுங்கள், எந்தக் கைவீச்சில் தொட வேண்டும் என்பதை எப்படிக் கணிக்கிறார் என்று. தொடர் நீச்சலில் நான்கு பேருடைய வகுப்பு எண்களின் கூட்டுத்தொகை 34ஐத் தாண்டக்கூடாது என்று ஒரு பிரிவு உண்டு. யாரை எந்த லெக்கில் இறக்குவது என்று பயிற்சியாளர் போடும் கணக்கைக் கேட்டு எழுதினால் அதுவே ஒரு நல்ல கட்டுரை. சக்கர நாற்காலியிலிருந்து குளத்தில் இறங்கச் சாய்தளமோ லிஃப்டோ இருக்கிறதா, உடைமாற்றும் அறைக் கதவு போதிய அகலமா என்பதையும் பார்த்து எழுதுங்கள். நேரம் குறைய வேண்டுமென்றால் தினமும் குளத்தை அடைய வழி இருக்க வேண்டும்.

மாலையில் நடுவர்கள் முடிவுத் தாளை ஒட்டுவார்கள். அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் பக்கத்தில் பெயர், ஊர், வகுப்பு, ஸ்ட்ரோக், நேரம் என்று அப்படியே போடுங்கள், மற்ற நீச்சல் முடிவுகளைப் போடும் அதே எழுத்தளவில். அடுத்த ஆண்டு அதே பெயர் வரும்போது பழைய நேரத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்து, எவ்வளவு குறைந்தது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பக்கங்களைத் தவறாமல் படிக்கும் ஒரு வாசகர்